ஆரஞ்சு வாசனையும் 15 நிமிடமும்: மூடிப்போன 'ஹொரைசன்ஸ்' ரைடு பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் 'ஹொரைசன்ஸ்' ரைடைப் பற்றி ஒரு பக்கம் எழுதினோம். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் ஒரு பக்கம் போதவில்லை என்று தெரிகிறது. அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் 1983 அக்டோபர் 1 அன்று தொடங்கி, 1999 ஜனவரி 9 அன்று நிரந்தரமாக மூடப்பட்ட ரைடு இது. தலைக்கு மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்கியபடி வண்டிகள் பக்கவாட்டில் நகரும். பழைய காலத்தவர் எதிர்காலத்தை எப்படியெல்லாம் கற்பனை செய்தார்கள் என்று முதலில் காட்டி, பிரம்மாண்டமான அரைக்கோளத் திரையைக் கடத்திவிட்டு, பிறகு நாளைய நகரம், பாலைவனப் பண்ணை, கடலடிக் குடியிருப்பு, விண்வெளி நிலையம் என்று கூட்டிப்போகும். மொத்தம் சுமார் 15 நிமிடம். தூக்கிப் போடாது, தலைகீழாக்காது. பாட்டியையும் பேரனையும் ஒரே வண்டியில் உட்கார வைக்கலாம்.

கேள்வி: 1997-ல் ஆர்லாண்டோவில் வேலையில் இருந்தபோது குடும்பத்தோடு இதில் போயிருக்கிறேன். நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, ஏன் மூடினார்கள்? கட்டடத்துக்குக் கீழே நிலம் உள்வாங்கிவிட்டது என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?
(ஆர்.எஸ்., கோவை)

பதில்: நிலம் உள்வாங்கிய கதை ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. ஃபுளோரிடாவில் சுண்ணாம்புப் பாறை கரைந்து நிலத்தில் திடீர்ப் பள்ளம் விழுவது நிஜம் என்பதால் யாரும் எளிதில் நம்பிவிடுவார்கள். ஆனால் ஹொரைசன்ஸை 2000-ல் இடித்துவிட்டு, அதே மனையில்தான் 'மிஷன்: ஸ்பேஸ்' கட்டி 2003-ல் திறந்தார்கள். அது பெரிய சுழல் இயந்திரங்களில் ஆட்களை வைத்துச் சுற்றும் ரைடு. தரை சரியில்லை என்றால் அந்தக் கனத்தை அங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்களா?

காரணம் ஸ்பான்சர். எப்காட்டில் அன்று பெரும்பாலான அரங்குகளுக்கு ஏதாவது ஒரு பெரிய நிறுவனம் பணம் கொடுத்தது. பதிலுக்கு வாசலில் அதன் பெயர் இருக்கும். ஹொரைசன்ஸுக்கு ஜெனரல் எலக்ட்ரிக். 10 வருட ஒப்பந்தம் 1993-ல் முடிந்தது, அவர்கள் நீட்டிக்கவில்லை. 1994 டிசம்பரில் ரைடை மூடினார்கள். ஒரு வருடம் கழித்து 1995 டிசம்பரில் திரும்பத் திறந்ததை ரசிகர்கள் தங்கள் வெற்றியாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பக்கத்தில் இருந்த 'யுனிவர்ஸ் ஆஃப் எனர்ஜி', 'வேர்ல்ட் ஆஃப் மோஷன்' இரண்டையும் 1996 தொடக்கத்தில் மாற்றி அமைக்க மூடவேண்டி இருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் பூட்டிக் கிடந்தால் பூங்காவின் அந்தப் பக்கத்துக்கு யார் வருவார்கள்? 'வேர்ல்ட் ஆஃப் மோஷன்' இடத்தில் வந்த 'டெஸ்ட் டிராக்' இழுத்துக்கொண்டே போய் 1999 மார்ச்சில்தான் முறைப்படி திறந்தது. அது தயாராகும் வரை ஹொரைசன்ஸ் இடம் காத்துக்கொடுத்தது. நீங்கள் 1997-ல் பார்த்தது அந்தக் கூடுதல் ஆயுளில்தான்.

கேள்வி: வரிசையில் நின்றதே நினைவில்லை. வண்டி நிற்கவும் இல்லை, நடந்துகொண்டே ஏறினோம். அது எப்படி வேலை செய்கிறது? ஏன் எல்லா ரைடுகளையும் அப்படிச் செய்வதில்லை?
(கே.எம்., சிங்கப்பூர்)

பதில்: அந்த முறைக்கு 'ஆம்னிமூவர்' என்று பெயர். டிஸ்னி பொறியாளர் பாப் கர் இதில் முக்கியமானவர். 1967-ல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில், அணுவுக்குள் பயணம் போவதுபோல அமைந்த ஒரு ரைடுக்கு முதலில் பயன்படுத்தினார்கள். அடிப்படை எளிது. வண்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்த ஒரே வளையம். முதல் வண்டி, கடைசி வண்டி என்று கிடையாது. ஏறுமிடத்தில் தரையே வண்டியின் வேகத்தில் நகரும் பட்டையாக இருப்பதால், அதில் கால் வைத்த பிறகு வண்டி நிற்பதுபோலத்தான் தெரியும்.

இன்னொரு தந்திரம் திருப்பம். வண்டியை இழுக்கும் பாதையோடு கூடவே இன்னொரு வழிகாட்டிக் கம்பி ஓடும். வண்டியின் அடியில் இருக்கும் கை அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடினால் வண்டி ஒரு பக்கம் திரும்பும், குறைந்தால் மறுபக்கம். நீங்கள் எப்போது எதைப் பார்க்கவேண்டும் என்பதை வடிவமைத்தவரே முடிவு செய்துவிடுகிறார். விளக்கு, ஒயர், அடுத்த காட்சியின் முதுகுப்பக்கம் எதுவும் கண்ணில் படாது. ஹொரைசன்ஸில் வண்டி தொங்கிக்கொண்டு பக்கவாட்டில் போனதால் எதிரே இருந்த காட்சி அகலமாக விரிந்தது. முன்னால் போகிறவர் தலையும் மறைக்கவில்லை.

வரிசை ஏன் ஓடியது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 விநாடிக்கு ஒரு வண்டி வருகிறது, ஒன்றில் 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 720 வண்டி, 2,880 பேர். குடும்பங்கள் இரண்டு பேர், மூன்று பேராக ஏறுவதால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பும் என்றாலும் 1,900 பேரைத் தாண்டும். நின்று நின்று போகும் ரைடுகளுக்கு இந்த எண்ணிக்கை சாமானியத்தில் கிடைக்காது.

இனி கெட்டது. ஒரு வண்டி நின்றால் எல்லா வண்டியும் நிற்கும். ஒரு பெரியவர் ஏறச் சிரமப்பட்டு வேகத்தைக் குறைத்தால், உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்கும் காட்சி இழுபடும். வண்டிகளுக்கு இடையிலான இணைப்புகள் ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்தாலும் மொத்த நீளத்தில் அது கூடிக்கொண்டே போய் இழுவிசை தளரும். அதை அவ்வப்போது சரிசெய்தாக வேண்டும். கதை சொல்வதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு வண்டியும் வேறு வேறு நேரத்தில் காட்சிக்கு முன்னால் வருவதால், பொம்மை மனிதர்கள் ஆரம்பம், முடிவு என்று எதையும் நடிக்க முடியாது. ஒரு சிறு அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். தொடர்ச்சியான கதை வண்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரில்தான். 20 விநாடிக்கு ஒரு சுற்று என்றால் 12 மணி நேரத்தில் ஒரு பொம்மை அதே கையை 2,160 தடவை தூக்கும். அந்தத் தலைமுறைப் பொம்மைகள் பல எண்ணெய் அழுத்தத்தில் இயங்கியவை. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது பொம்மையின் சட்டையில் பரவும் கறைதான்.

கேள்வி: கடைசியில் விண்வெளி, பாலைவனம், கடலடி என்று மூன்று முடிவுகளில் ஒன்றைப் பொத்தான் அழுத்தித் தேர்ந்தெடுப்போமே. நிற்காத வண்டியில் ஒவ்வொருவருக்கும் வேறு படம் எப்படிக் காட்டினார்கள்?
(அதே வாசகர்)

பதில்: திரையும் கூடவே நகர்ந்தது. அந்தப் பகுதிக்குள் வந்ததும் ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே தனித் திரை, இருபுறமும் தடுப்பு. பக்கத்து வண்டிக்காரர் விண்வெளியில் பறந்துகொண்டிருப்பார், உங்களுக்குத் தெரியாது. வண்டியில் இருப்பவர்களில் எதற்கு வாக்கு அதிகமோ அந்தப் படம் சுமார் அரை நிமிடம் ஓடும். கணினி வரைகலை பெரிதாக வளராத காலம் அது. பாலைவனத்தையும் கடலடியையும் மினியேச்சர்களாகக் கட்டி அவற்றின் மேல் கேமராவை ஓட்டி எடுத்தார்கள். 1983-ல் பொதுமக்களின் விருப்பத்துக்கு ஏற்ப முடிவு மாறும் ரைடு என்பது சின்ன விஷயமல்ல.

கேள்வி: நான் 11-ஆம் வகுப்பு படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்கு இந்த ஆம்னிமூவரை மாதிரியாகச் செய்ய ஆசை. குறைந்த செலவில் முடியுமா?
(பி.வி., திண்டுக்கல்)

பதில்: முடியும். சைக்கிள் கடைக்குப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வேண்டியவை: ஒரு சைக்கிள் செயின், 18 பல் ஃப்ரீவீல் இரண்டு, 12 வோல்ட் 10 ஆர்பிஎம் கியர் மோட்டார் ஒன்று, அதற்கேற்ற அடாப்டர், 75 செ.மீ. நீளமுள்ள பிளைவுட், எம்-சீல், கொஞ்சம் தடித்த ஜிஐ கம்பி. செயினின் ஒவ்வொரு கண்ணியும் 12.7 மி.மீ. கடையில் வாங்கும் செயின் நீளமாக இருக்கும்; 96 கண்ணியாக வெட்டிக்கொள்ளுங்கள். 18 பல் சக்கரங்கள் இரண்டில் மாட்டினால் மையத்துக்கு மையம் சுமார் 49.5 செ.மீ. வரும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 18 கண்ணி இழுக்கும். ஆக, ஒரு வண்டி முழு வட்டம் வர 32 விநாடி. பார்வையாளர் பொறுமையாகப் பார்க்க இந்த வேகம் சரியாக இருக்கும்.

சக்கரங்களைப் பலகையில் படுக்கையாக வையுங்கள். 8 கண்ணிக்கு ஒன்றாக 12 வண்டிகள். இந்த 8-ஐ மாற்றாதீர்கள். மாற்றினாலும் இரட்டைப்படையாகவே இருக்கட்டும். செயினில் வெளித்தகடு, உள்தகடு மாறி மாறி வரும். ஒற்றைப்படை எண்ணிக்கை போட்டால் ஒரு வண்டி வெளித்தகட்டிலும் அடுத்தது உள்தகட்டிலும் வந்து உயரம் மாறிவிடும். ஒட்டும் இடத்தை மண்ணெண்ணெயில் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு எம்-சீல் வையுங்கள். ஒரே தகட்டுக்குள் அடங்கட்டும். பக்கத்துக் கண்ணிக்கு வழிந்தால் அங்கே செயின் மடங்காமல் சக்கரத்தில் ஏறி நிற்கும். வண்டியை நேரடியாக ஒட்டாமல், ஒரு ஆணி நட்டு அதன்மேல் தாராளமாகச் சுழலும்படி மாட்டுங்கள்.

திருப்பத்துக்கு, ஒவ்வொரு வண்டியின் அடியிலும் 3 செ.மீ. நீளக் கை ஒன்று பொருத்துங்கள். அதன் நுனியில் கீழ்நோக்கி ஒரு ஊசி. ஜிஐ கம்பிகள் இரண்டை இணையாக வளைத்துச் செயினுக்கு வெளியே ஒரு பாதை அமையுங்கள். ஊசி அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடவேண்டும். பாதையைச் செயினுக்கு அருகே கொண்டுவந்தால் கை சாயும், வண்டி திரும்பும். இதைப் பார்வையாளருக்குக் காட்டுவதுதான் உங்கள் மாதிரியின் உயிர். ஆகவே பாதையை மூடிவிடாதீர்கள்.

தவறு வரும் இடங்கள் மூன்று. ஃப்ரீவீல் ஒரு திசையில்தான் இழுக்கும், எதிர்த்திசையில் 'டிக் டிக்' என்று வெறுமனே சுற்றும். மோட்டார் இழுக்காவிட்டால் முதலில் அடாப்டர் ஒயரை மாற்றிப் போட்டுத் திசையைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் தண்டில் ஃப்ரீவீல் நேராக உட்காராது. லேத் பட்டறையில் ஒரு புஷ் (தண்டுக்கும் ஃப்ரீவீலுக்கும் நடுவே பொருந்தும் வளையம்) கடைந்துகொள்ளுங்கள். மூன்றாவது, படுக்கையான செயின் நடுவில் தொய்யும். இரண்டு நேர்ப்பகுதிக்கும் கீழே வழவழப்பான பிளாஸ்டிக் பட்டை கொடுங்கள். மோட்டார் இல்லாத சக்கரத்தின் போல்ட்டுக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போட்டால், தளர்ந்தபோது இழுத்து முடுக்கலாம்.

கேள்வி: பாலைவனப் பண்ணைக் காட்சியில் வந்த ஆரஞ்சு வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதை எப்படி வரவைத்தார்கள்? வீட்டில் அதே மாதிரி செய்ய முடியுமா?
(எம்.ஜே., நாகர்கோவில்)

பதில்: 'ஸ்மெல்லிட்சர்' என்ற கருவி. டிஸ்னி காப்புரிமை எடுத்த சாதனம். வாசனைப் பொருளின் மேல் காற்றைச் செலுத்தி, அந்தக் காட்சி வரும் இடத்தில் மட்டும் வண்டியை நோக்கி ஊதும். எதிர்ப்பக்கத்தில் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவதால் அடுத்த காட்சிக்குள் வாசனை தொடராது. இந்தச் சிக்கனம்தான் ரகசியம். ஊதுபத்தி ஏற்றிய அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் நமக்கு வாசனையே தெரியாமல் போய்விடும். வெளியே போய்விட்டு வந்தால்தான் தெரியும். அதுபோல மூக்கு பழகுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டதால்தான் இத்தனை வருடம் கழித்தும் உங்களுக்கு நினைவிருக்கிறது.

வீட்டில் செய்ய, தோலிலிருந்து குளிர்முறையில் பிழிந்த இனிப்பு ஆரஞ்சு எண்ணெய் வாங்குங்கள். 'ஆரஞ்சு ஃப்ளேவர்' என்ற எசென்ஸ் வேண்டாம், மிட்டாய் வாசனைதான் வரும். டிஃப்யூசரில் 100 மி.லி. தண்ணீருக்கு 3 அல்லது 4 சொட்டு. இதில் ஒரு சொட்டு பெட்டிகிரெய்ன் எண்ணெய் (ஆரஞ்சு இலையிலும் கிளையிலும் எடுப்பது) சேர்த்தால் பழக்கடை வாசனை தோட்ட வாசனையாக மாறும். 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள். ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனின். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கெட்டு டர்பன்டைன் நெடி அடிக்கும், தோலில் பட்டால் அரிக்கும். பழுப்பு பாட்டிலில், ஃபிரிட்ஜில் வையுங்கள். நெடி மாறிவிட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இந்த வேலையே வேண்டாம். சிட்ரஸ் எண்ணெய்கள் பூனைக்கு ஆகாது.

கேள்வி: 1996-ல் என் கணவர் இந்த ரைடை 8 மி.மீ. வீடியோ கேசட்டில் எடுத்திருக்கிறார். கேமரா எப்போதோ போய்விட்டது. இங்கே ஒரு கடையில் கொடுத்தேன். கறுப்பு வெள்ளையில், படம் உருண்டுகொண்டே வந்தது. கேசட் கெட்டுவிட்டதா?
(எல்.ஆர்., சென்னை)

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்காவில் வாங்கிய கேமரா என்டிஎஸ்சி முறையில் பதிவு செய்யும்: 525 வரி, விநாடிக்கு 29.97 படம். நம் ஊர்க் கருவிகள் பால் (PAL) முறை: 625 வரி, 25 படம். ஒன்றில் எடுத்ததை மற்றதில் ஓட்டினால் நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும்தான் வரும். அந்தக் கடைக்காரரிடம் என்டிஎஸ்சி கருவி இல்லை, அவ்வளவுதான்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டைப் பாருங்கள். சின்ன ஜன்னல் வழியே டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூல் மாதிரியோ தெரிந்தால் அது பூஞ்சை. சென்னைப் புழுக்கத்தில் சகஜம். அப்படி இருந்தால் எந்தக் கருவியிலும் போடாதீர்கள். அந்தக் கருவியின் ஹெட்டும் (டேப்பைப் படிக்கும் முனை) வீணாகும், அடுத்து போடும் கேசட்டுக்கும் ஒட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பையில் ஒரு வாரம் உலரவிட்டு, பூஞ்சை சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பொடி இல்லை என்றால், ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு பதிவைத் தொடங்குங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த டேப் தளர்வாகவும் இறுக்கமாகவும் சுற்றியிருக்கும். இப்படிச் செய்தால் சமமாகும்.

கருவிக்கு நாங்கள் சொல்வது சோனி 'டிஜிட்டல்8' கேம்கார்டர், பழையதாகக் கிடைக்கும். இரண்டு விஷயம் கவனியுங்கள். மாடல் எண் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் அது பால் முறைக் கருவி, உங்களுக்கு ஆகாது. டிஜிட்டல்8-லேயே எல்லா மாடலும் பழைய அனலாக் 8 மி.மீ. டேப்பை ஓட்டாது; வாங்குமுன் உங்கள் கேசட்டையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சரியான மாடல் அமைந்துவிட்டால் வேறு கேப்சர் பெட்டி தேவையில்லை. ஃபயர்வயர் கேபிள் வழியே 'DV' என்ற டிஜிட்டல் வீடியோ வடிவிலேயே கணினிக்கு வந்துவிடும். ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப் இருந்தால் தலைவலி குறைவு. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி இடம் ஒதுக்குங்கள்.

படத்தில் குறுக்காகப் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் ஹெட் அழுக்கு. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மிருதுவான தோல் துண்டை டிரம்மின் (ஹெட் பொருந்தியிருக்கும் உருளை) மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பஞ்சுக்குச்சியின் இழை அதில் சிக்கும், ஆகவே அதுவும் கூடாது. 10 நிமிடம் உலரவிட்டுப் பிறகு கேசட் போடுங்கள்.

இருட்டு ரைடு என்பதால் படம் புள்ளிபுள்ளியாக, கலங்கலாக இருக்கும். கடைக்காரர் வெளிச்சத்தைக் கூட்டித் தரட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிச்சத்தோடு புள்ளிகளும் கூடும், கறுப்பு சாம்பலாகிவிடும். அளவைப் பெரிதாக்குவது, செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்குவது எல்லாம் நகலில் செய்துகொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொடவே கூடாது. நகலெடுக்கும்போது இரட்டைவரி நீக்கம் (டிஇன்டர்லேஸ்) செய்தால், DV கோப்பில் கீழ்வரி முதலில் வரும் என்று அமைப்பில் குறிப்பிடுங்கள். மாற்றிப் போட்டால் வண்டி முன்னும் பின்னுமாக உதறுவதுபோல ஓடும். மூலக் கோப்பு இரண்டு தனித்தனி டிஸ்க்கில் இருக்கட்டும். அதில் ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்.

கேள்வி: "கனவு காண முடிந்தால் அதைச் செய்யவும் முடியும்" என்று வால்ட் டிஸ்னி சொன்னதாக வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. ஹொரைசன்ஸுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
(டி.கே., ஈரோடு)

பதில்: அந்த வாசகமே ஹொரைசன்ஸுடையது. எழுதியவர் டிஸ்னி வடிவமைப்புப் பிரிவில் இருந்த டாம் ஃபிட்ஸ்ஜெரால்ட், இந்த ரைடுக்காகவே எழுதியது. வால்ட் டிஸ்னி 1966-லேயே இறந்துவிட்டார். அடுத்த முறை உங்கள் குழுவில் வந்தால் பதில் போடுங்கள், நன்றி எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: அடுத்த மாதம் ஆர்லாண்டோ போகிறோம். ஹொரைசன்ஸின் மிச்சம் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா?
(என்.பி., பெங்களூரு)

பதில்: மிஷன்: ஸ்பேஸ் வரிசையில் நடக்கும்போது பெரிய சுழல்சக்கரம் ஒன்று நிற்கும். அதன் நடுவில் ஹொரைசன்ஸின் சின்னம் இருக்கிறது. தெரியாதவர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். ரைடில் ஏற விருப்பமில்லை என்றால் ஏற வேண்டாம். அதன் கடினமான வகை உங்களைச் சுழற்றி உடல் எடையைக் கூட்டிக்காட்டும், வாந்திப் பையும் உள்ளே வைத்திருப்பார்கள். வயதானவர்கள் பச்சை நிற வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வண்டி நகரும் சுகத்துக்கு, அதே எப்காட்டில் கோளத்துக்குள் போகும் 'ஸ்பேஸ்ஷிப் எர்த்'. அதுவும் ஆம்னிமூவர்தான், ரோம் எரியும் காட்சியில் புகை வாசனையும் உண்டு. கதையின் முன்பகுதி வேண்டுமானால் மேஜிக் கிங்டம் பூங்காவில் 'கரோசல் ஆஃப் புரோகிரஸ்'. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அதே ஜெனரல் எலக்ட்ரிக் பணத்தில் செய்தது. ஹொரைசன்ஸை அதன் அடுத்த பாகமாகவே நினைத்து உருவாக்கினார்கள்.

கேள்வி: மேஜிக் கிங்டமில் நீர்மூழ்கிக் கப்பல் ரைடு ஒன்று இருந்ததே, அது நிஜமாகவே மூழ்கியதா? அது ஏன் போனது?
(ஏ.எச்., துபாய்)

பதில்: மூழ்கவில்லை. 1971 அக்டோபர் 14 முதல் 1994 செப்டம்பர் வரை ஓடிய ரைடு. 12 படகுகள், ஒவ்வொன்றிலும் 40 பேர். பயணிகள் உட்கார்ந்த அறை எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்கும், மேல்தளம் வெளியே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே குமிழிகளைக் கிளப்பிவிட்டால் உள்ளே இருப்பவருக்குக் கீழே இறங்குவதுபோலத் தோன்றும். படகு தண்ணீருக்கு அடியில் உள்ள வழிகாட்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனது.

செலவுதான் கொன்றது. தடாகத்தில் 1.15 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 4.35 கோடி லிட்டர் தண்ணீர். கண்ணாடிபோல இல்லாவிட்டால் ஜன்னலில் எதுவும் தெரியாது என்பதால் வடிகட்டல் நின்றபாடில்லை. பொம்மை மீன் பழுதானால் மூழ்குவீரர் இறங்கவேண்டும். குறுகலான படிக்கட்டில் 40 பேர் இறங்கி, 40 பேர் ஏறுவதற்குள் பின்னால் படகுகள் வரிசையில் நிற்கும். சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. 2004-ல் தண்ணீரை வடித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருந்த இதன் அண்ணனுக்கு நல்ல காலம்: 1998-ல் மூடி, 2007-ல் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றி, புதுக் கதையோடு திறந்தார்கள். தடாகத்தை மண் போட்டு மூடாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பழைய இருட்டுக் குகை ரைடை அடுத்த வருடம் எடுத்துவிடப் போவதாகப் பேச்சு. போனில் ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க வழி சொல்லுங்கள்.
(வி.எஸ்., சேலம்)

பதில்: முதலில் மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். மெதுவாகப் போகும் ரைடுக்கு மட்டும்தான் இந்த யோசனை. வேகமாகச் சுற்றும் எதிலும் போனை எடுக்கவே கூடாது. போனுக்குக் கயிறு போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கை வண்டிக்கு வெளியே நீளக் கூடாது.

முதல் சுற்றில் வீடியோ வேண்டாம், ஒலி மட்டும். சட்டைப் பையில் மைக் வெளியே பார்க்க வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். படம் எடுக்கும்போது கை மைக்கை மூடும், தண்டவாளச் சத்தம் மேலேறும், கூட வந்தவர் ஏதாவது கேட்பார். ஒலி தனியாக இருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வீடியோவுக்கு முதன்மை லென்ஸ், ஜூம் இல்லை. அகலக்கோண லென்ஸ் இருட்டில் பெரும்பாலும் சோடை போகும். விநாடிக்கு 60 படம் வேண்டாம், வெளிச்சம் போதாது. போனில் 25 வசதி இருந்தால் அதை வையுங்கள், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 30-ல் எடுத்தால் சில விளக்குகளின் கீழே கறுப்புப் பட்டைகள் உருளும். உள்ளே நுழைந்ததும் விளக்கு வெளிச்சம் படும் காட்சி ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் விளக்கு எரிந்து அணையும் ஒவ்வொரு முறையும் படம் மூச்சு வாங்கும். இடது பக்கம் பார்த்து ஒரு சுற்று, வலது பக்கம் பார்த்து ஒரு சுற்று. ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். பின்னால் இருப்பவரின் ரைடு கெட்டுப்போகும்.

வெளியே வந்த பிறகுதான் பலர் விட்டுவிடும் பகுதி. வாசல் பலகை, உயரம் அளக்கும் கோடு, ஆபரேட்டரின் அறிவிப்பு, டிக்கெட், கட்டுப்பாட்டு மேசை எல்லாம் எடுங்கள். மோட்டார் பக்கமோ முதல் வண்டியின் அடியிலோ ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும்: தயாரித்த நிறுவனம், மாடல், வரிசை எண், ஆண்டு. அதை நேராக நின்று, எழுத்து தெளியும்படி இரண்டு படம் எடுங்கள். ரைடுகள் பல ஊர்களுக்குக் கைமாறிப் போகும். ஒரே மாடலில் பலவற்றைச் செய்து விற்பதும் வழக்கம். அந்த மாடல் பெயர் கையில் இருந்தால், உங்கள் குகையின் உடன்பிறப்பு வேறு எந்தப் பூங்காவில் இன்னும் ஓடுகிறது என்று தேடிப் போகலாம்.